மகசூல்: செங்கற்பட்டு ஜாகீரின் நிலக்கணக்கும் நீதிக்கணக்கும்

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து நிலக் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கும் அரபி மாணவர் எவரும் ஓரிரு பக்கங்களுக்குள்ளாகவே பழகிய சொற்களைக் கண்டு வியப்பர். ஜூலை முதல் நாளில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு 'பசலி' எனப்படுகிறது. பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற அரபிச் சொல்லே அது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. பயிரோ சூரியனைப் பின்பற்றுவது. ஆகவே வரி வாங்குவதற்கென்று முகலாய ஆட்சியினர் வகுத்துக்கொண்ட சூரியக் கணக்கே பசலி. ஆண்டுதோறும் நடக்கும் 'ஜமாபந்தி'யின் தலையில் நிற்பது திரட்டுதல் எனப் பொருள்படும் 'ஜம்உ'. 'மிராசு' என்பது வாரிசுரிமையாகிய 'மீராஸ்'. குத்தகை உடன்படிக்கையான 'கவுல்', சொல் அல்லது வாக்கு என்னும் 'கவ்ல்'. ஏரிக்கரையைப் பழுதுபார்க்கும் 'மராமத்து'க்கும் வேர் அரபியே. இவையெல்லாம் பாரசீகத்தின் வழியாகத் தமிழுக்கு வந்து, இனி அந்நியம் என்று சொல்ல முடியாதபடி கலந்துவிட்டன.

இவற்றுள் இரண்டு சொற்கள் நம் ஆய்வுக்கு உரியவை. ஒன்று 'மகசூல்'. 'ஹஸல' என்ற வினையிலிருந்து பிறந்த 'மஹ்ஸூல்' என்பதற்குக் கைக்கு வந்து சேர்ந்தது என்பது பொருள். மற்றொன்று 'கிஸ்தி'. அதன் மூலமாகிய 'கிஸ்த்' பங்கையும் தவணையையும் குறிக்கும். அதற்கெல்லாம் மேலாக நீதியையும் குறிக்கும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தின் உயர்வும் தராசின் நிறுவலும் சேர்த்துச் சொல்லப்பட்டபின், எடையை எதைக்கொண்டு நிலைநிறுத்த வேண்டும் என்று கூறப்படுகிறதோ, அந்தச் சொல் இதுவே. நீதியைக் குறித்த சொல் காலப்போக்கில் வரித்தவணையின் பெயராகச் சுருங்கிப்போனது ஒரு மொழி வரலாறு மட்டுமன்று. நிலத்தின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

ஒரு நிலம் விளைவித்தது வேறு, அதிலிருந்து ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது வேறு. முன்னது சூரிய ஒளியைக் கொண்டு தாவரம் ஆக்கியது முழுவதும். பின்னது அதில் எண்ணி எழுதப்பட்ட பகுதி. எழுதப்பட்டதையே முழுமை என்று கொண்டதன் விளைவாக, எழுதப்படாததை விளைவித்த நிலம் ஒன்றுக்கும் உதவாத நிலமாயிற்று. இன்று இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிற்கும் அந்தப் பகுதியைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

பார்னார்டின் கணக்கு

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763ஆம் ஆண்டில் சென்னையைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதிப்படுத்தினார். செங்கற்பட்டு ஜாகீர் எனப் பெயர்பெற்ற இந்நிலப்பரப்பினுள்தான் காஞ்சிபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் அடங்கியிருந்தன. கைக்கு வந்த சொத்தின் மதிப்பை அறியக் கும்பெனி விரும்பியது. 1767ஆம் ஆண்டு தொடங்கி 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஊரின் மொத்தப் பரப்பு, நஞ்சை, புஞ்சை, ஏரி, காடு, தோப்பு, குடியிருப்பு, மானியம், எந்தத் தொழிலார் எத்தனை வீட்டார், விளைச்சல் எவ்வளவு, அது யார் யாருக்குப் பகிரப்பட்டது என்பனவெல்லாம் பதியப்பட்டன.

இந்த அறிக்கைகளுக்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் எழுதிய தமிழ் ஓலைகள் இருந்தன. அவற்றில் எஞ்சியவை தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆவணக் காப்பகத்தில் உறங்கிக்கிடந்த பார்னார்டு கணக்குகளின் அருமையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தவர் தரம்பால் (1922–2006). சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினர் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை 2001இல் நூலாக்கினர். ஜப்பானிய வரலாற்றறிஞர் த்சுகாசா மிசுஷிமாவும் இதே தரவுகளைக்கொண்டு மிராசு முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இக்கணக்குகளின் உயிர்நாடி களத்துமேட்டில் இருக்கிறது. அறுத்தடித்த நெல் அம்பாரமாகக் குவிக்கப்பட்டதும், அரசுக்கு மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம் என்று இரண்டாகப் பிரித்துவிடவில்லை. நெல்லை அளப்பதற்கு முன்பே சிலருக்குப் பங்கு உண்டு. அளக்கும்போதும் அளந்த பின்பும் வேறு சிலருக்குப் பங்கு உண்டு. சுதந்திரம், மேரை என்னும் பெயர்களில் இவை வழங்கின. கணக்கர், தலையாரி, வெட்டி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் என்று ஊரின் ஊழியர் யாவரும் அந்த அம்பாரத்திலிருந்தே உண்டனர். கோயில், மடம், சத்திரம் ஆகியவற்றோடு பள்ளிவாசலும் பக்கீரும் மானியம் பெற்றவர்களின் வரிசையில் இருந்தனர். விளைச்சல் என்பது ஒரே வாய்க்காலில் ஓடிக் கருவூலத்தை அடைவதாக இல்லை; வழியெங்கும் கிளைக்கால்கள் பிரிந்து பாய்ந்தன.

இதனைப் பொற்காலம் என்று பாடிவிடலாகாது. அந்த அம்பாரத்தை ஆக்கியவர்களில் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்த படியாட்கள். அவர்களுக்கும் களத்தில் பங்கு இருந்தது உண்மையே. ஆனால் நிலத்தில் உரிமை இல்லை, எசமானனை விட்டு நீங்கும் உரிமையும் பல இடங்களில் இல்லை. செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அம்மக்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையும், அதன் பின்விளைவாக 1892இல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டதும் அந்த நெடிய அநீதிக்குச் சான்று. பங்கு பலருக்குப் போயிற்று என்பதால் அது நீதியாகப் போயிற்று என்று ஆகிவிடாது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம்: உண்பவர் யார் யார் என்பதை அந்தக் கணக்கு எழுதிவைத்தது. பின்வந்த கணக்குகளோ செலுத்துபவர் யார் என்பதை மட்டும் எழுதின.

அதே ஆண்டுகளில் இன்னொரு கணக்கு

பார்னார்டின் அளவைக்கோல் ஜாகீரில் நகர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், 1771ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றுள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புதினாத் தளிரை வைத்தார். சில நாட்களில் அந்தக் காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. 1779இல் ஹாலந்தில் பிறந்த மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ், தாவரத்தின் பச்சைப் பகுதி வெளிச்சத்தில் மட்டுமே இவ்வாறு செய்கிறது என்று கண்டார். 1845இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர், தாவரம் ஒளியை வாங்கி வேதியியல் ஆற்றலாகச் சேமித்துவைக்கிறது என்ற கருத்தை வெளியிட்டார். 1942இல் அமெரிக்க இளைஞர் ரேமண்ட் லிண்டமன் மின்னசோட்டா மாநிலத்து ஏரி ஒன்றை ஆராய்ந்து, ஓர் உயிர்ச்சூழலின் எல்லா உறவுகளையும் ஆற்றலின் ஓட்டமாகக் கணக்கிடலாம் என்று காட்டினார். அக்கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 26 வயதில், அவர் இறந்துபோனார்.

அவ்வழி வந்த அறிவியலின் சாரம் இதுதான். சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் மிகச் சிறு பகுதியைத் தாவரம் பிடித்துவைக்கிறது. அதிலும் ஏறத்தாழப் பாதியைத் தன் சுவாசத்துக்கே செலவிடுகிறது. எஞ்சியதே நிகர உற்பத்தி. அதனை மேயும் விலங்குக்கும், அவ்விலங்கை உண்ணும் விலங்குக்கும் ஒவ்வொரு படியிலும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கே கடந்துசெல்கிறது. மற்றது வெப்பமாகிக் கலைந்துபோகும், அல்லது சாணமாகவும் சருகாகவும் மண்ணில் விழுந்து நுண்ணுயிர்களுக்கு உணவாகும். சத்துகள் சுற்றிச் சுற்றி வரும். ஆற்றலோ ஒருவழிப் பயணி, போனால் திரும்பாது. ஆகவே தாவரம் நாள்தோறும் புதிதாகப் பிடித்துத் தரவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் வயல் ஒன்றைக்கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இப்பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவு சூரிய ஆற்றல் விழுகிறது. ஒரு எக்டேரில், 120 நாள் பயிர்க்காலத்தில், அது 60 இலட்சம் யூனிட். ஒரு கிலோ நெல்லில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 4 யூனிட். எக்டேருக்கு 5 டன் விளைந்தது என்றால் நெல்மணியில் சேர்ந்தது 20,000 யூனிட். அதாவது விழுந்த ஒளியில் முந்நூற்றில் ஒரு பங்கு. வைக்கோலில் ஏறத்தாழ இன்னொரு முந்நூற்றில் ஒரு பங்கு. இந்தச் சிறு பங்கின்மேல்தான் படியாளும் மிராசுதாரும் நவாபும் கும்பெனியும் நின்றனர். சுருங்கிய வாசல் வழியாக வருவதைப் பலர் பகிர வேண்டும் என்பதே உயிர்வாழ்வின் நியதி.

நம் முன்னோர் நோக்கியவை

உண்பதும் உண்ணப்படுவதுமாகிய தொடரை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த அல்ஜாஹிழ், 'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில், ஓர் உயிர் தன்னினும் மெலிந்ததை உண்பதும் தன்னினும் வலியதற்கு உணவாவதும் படைப்பின் ஒழுங்கில் அமைந்த செய்தி என்று விளக்குகிறார். அவர் ஆற்றலை அளக்கவில்லை. அளக்கும் கருவியும் அன்றில்லை. ஆயினும் உயிர்களைத் தனித்தனியாக அன்றி உறவுகளாக நோக்கினார்.

கணக்கு என்று பார்த்தால் ஃபிக்ஹு நூல்களில் விளைச்சல் ஜகாத்தைப் பற்றிய பாடம் வியக்கத்தக்கது. மழையாலும் ஊற்றாலும் தானே நனைந்த பயிரில் பத்தில் ஒன்று. ஏற்றம், கவலை முதலியவற்றால் இறைத்துப் பாய்ச்சிய பயிரில் இருபதில் ஒன்று. நபி (ஸல்) அவர்களின் வாக்கால் நிலைபெற்ற இவ்விதி, கிடைத்த நெல்லின் அளவை மட்டும் பார்க்கவில்லை. அந்த நெல்லுக்காக மனிதனும் மாடும் செலவிட்ட உழைப்பையும் பார்க்கிறது. இரண்டு களங்களில் சமமான அம்பாரங்கள் இருந்தாலும், அவை வந்த வழி வேறானால் கடமையும் வேறாகிறது.

கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக 'கிதாபுல் கராஜ்' எழுதிய இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), நிலத்தின் பரப்பை வைத்து மாறாத வரி விதிக்கும் முறையைவிட, விளைந்ததில் பங்கு பெறும் 'முகாஸமா' முறையே நேர்மைக்கு நெருக்கமானது என்று பரிந்துரைத்தார். பரப்புக்கு வரி என்றால் மழை பொய்த்த ஆண்டின் துன்பம் முழுவதும் உழவன் தலையில் விழும். பங்கு என்றால் அரசும் அதில் பங்கேற்கும். செங்கற்பட்டில் களத்துப் பங்கை நீக்கி, பணமாகக் கட்டும் கிஸ்தியைக் கும்பெனி ஆட்சி படிப்படியாக நிலைநிறுத்தியபோது நடந்தது இதற்கு நேர்மாறானது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. லிண்டமனின் பத்தில் ஒன்றையும் ஜகாத்தின் பத்தில் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அற்புதம் காட்டுவது நம் நோக்கமன்று. ஒன்று இயற்கையில் காணும் தோராயச் சராசரி. மற்றொன்று அறநெறிக் கட்டளை. எண்கள் ஒத்திருப்பது தற்செயல். ஷரீஅத்தின் சிறப்பு எண்ணின் ஒற்றுமையில் இல்லை. கணக்கில் எதையெல்லாம் சேர்த்துக்கொண்டது என்பதில் இருக்கிறது.

ஏரியும் மேய்ச்சலும்

ஜாகீர் ஊர்களின் விளைச்சல் வயலுக்குள் மட்டும் பிறக்கவில்லை. பாலாற்றுக்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூர் முதல் சென்னை வரை நிலம் மெல்லச் சரிகிறது. அச்சரிவின் குறுக்கே கரை எழுப்பி, ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகுமாறு சங்கிலியாக அமைத்தனர். அவ்வாறு வழிந்துவரும் நீரைப் பெறும் பேரேரியே 364.5 கோடி கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம்.

ஏரிக்கு மேலே புதர்க்காடும் புல்வெளியும் உண்டு. அங்கே மழை விழுந்ததும் நீரோடு சருகும் வண்டலும் ஏரிக்கு இறங்கின. கோடையில் ஊரார் அந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினர். வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம், ஒரே வேலையில் இரண்டும். பகலில் புதர்க்காட்டில் மேய்ந்த மாடும் ஆடும் இரவில் பட்டியிலும் வயலிலும் சாணமும் புழுக்கையும் இட்டன. மாடு உழுதது, இறைத்தது, போரடித்தது; வயல் அதற்கு வைக்கோல் தந்தது. புதர்க்காட்டில் தாவரம் பிடித்த ஒளி, மாட்டின் உடல்வழியே உழைப்பாகவும் எருவாகவும் உருமாறி நெல்லுக்குள் புகுந்தது. நெல்லின் மகசூல் நஞ்சையின் பேரில் எழுதப்பட்டது. புதர்க்காட்டின் பேரில் ஒன்றும் எழுதப்படவில்லை.

இந்த எழுதப்படாத ஓட்டத்தை அதிகாரிகள் ஒருபோதும் அறியவில்லை என்றும் சொல்வதற்கில்லை. அதே ஜாகீரின் தென்பகுதியில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஊரார் காத்துவந்தனர். சுற்றுப்புற நீர்நிலைகளில் மீனுண்டு திரும்பும் பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர், வயலுக்கு எருவும் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அப்பறவைகளைச் சுடலாகாது என்னும் ஊராரின் உரிமையை ஏற்று எழுத்துமூலம் வாக்களித்தார். அந்த உறுதிமொழிக்குப் பெயர் கவுல். நாரைகளும் கொக்குகளும் ஊரின் உற்பத்தியில் பங்காளிகள் என்று ஒரு சொல் கொடுக்கப்பட்டது.

தரிசு என்னும் பெயர்

1780இல் மைசூர் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கும்பெனிப் படை முறியடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த போரில் ஜாகீர் ஊர்கள் பாழாயின. குடிகள் ஓடினர், கால்நடைகள் அழிந்தன, கரைகள் உடைந்தன. படை நடத்தியவர் நம் சமயத்தவர் என்பதற்காக அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. படைகளுக்குச் சமயம் எதுவாயினும் களத்து நெல்லுக்குப் பகைதான். போருக்குப் பின் கும்பெனி கண்டது வெறிச்சோடிய நிலம். உழப்படாதது யாவும் வீண் என்னும் ஐரோப்பிய வருவாய்க் கண்ணோட்டம் அதன்மேல் படிந்தது. 1818இல் எல்லிஸ் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய விளக்கத்தின் பெரும் விவாதங்களுள் ஒன்று, ஊரின் உழப்படாத நிலத்தில் யாருக்கு உரிமை என்பதே. மேய்ச்சல், விறகு, தழை, எரு என்று ஊர் முழுவதும் கைவைத்து எடுத்த நிலம், வரி தராததால் 'தரிசு', 'புறம்போக்கு' என்னும் தலைப்புகளின் கீழ் அடங்கிற்று.

இங்கேதான் நம் ஃபிக்ஹு நூல்களின் நுட்பம் நினைவுக்கு வருகிறது. பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கே அது உரியது என்பது நன்கறிந்த விதி. 'இஹ்யாவுல் மவாத்' என்னும் அப்பாடத்தில் முதல் கேள்வி, எந்த நிலம் மவாத், அதாவது இறந்த நிலம் என்பதே. உழப்படாதது எல்லாம் இறந்ததா? ஹனஃபி இமாம்கள் இல்லை என்கின்றனர். ஊரை ஒட்டிய நிலம் ஊராரின் கால்நடை மேயவும் அறுத்த கதிரைப் போடவும் விறகெடுக்கவும் தேவைப்படுவது. அதனை எவரும் தமதாக்கிக்கொள்ளக் கூடாது என்று ஹிதாயா முதலிய நூல்கள் விளக்குகின்றன. ஊரின் எல்லையில் நின்று ஒருவர் உரக்கக் கூவினால் ஓசை எட்டாத தொலைவில் இருப்பதே மவாத் என்பது இமாம் அபூ யூசுஃபின் அளவுகோல். கிணற்றுக்கு 'ஹரீம்' என்னும் காப்பெல்லை உண்டு என்பதில் எல்லா மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன.

கூவினால் கேட்கும் தொலைவு வரை உள்ள புல்லும் புதரும் உயிருள்ள நிலம். வரி தராவிட்டாலும் உயிருள்ளது. இந்த ஒரு விதியில், மகசூலைக் கடந்து நிலத்தைப் பார்க்கும் பார்வை இருக்கிறது. பார்னார்டின் காலத்து ஊரார் இதனை நூலில் படித்திருக்கமாட்டார்கள்; ஆனால் அவர்களின் மேய்க்கால் வழக்கம் இதே நியாயத்தின்மேல் நின்றது.

ஆலைகளின் காலம்

1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் தடம்பதித்து, 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தனிச்சட்டம் வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010இலும் டைம்லரின் லாரித் தொழிற்சாலை 2012இலும் இயங்கத் தொடங்கின. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனப் பேட்டைகள் விரிந்தன. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏரியும் நஞ்சையும் போகும் என்று ஏகனாபுரத்து மக்கள் போராட எழுந்தனர்.

ஆலைகளால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்கின்றன. சேரியில் பிறந்தவன் மிராசுதாரின் களத்தில் கையேந்தாமல் மாதச் சம்பளம் வாங்குகிறான் என்றால், அந்த விடுதலையைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. நம் சமுதாயத்து இளைஞர்களும் அங்கே பணியாற்றுகின்றனர். நம் கேள்வி ஆலை வேண்டுமா என்பதன்று. நிலம் எடுக்கும்போது எழுதப்படும் கணக்கு முழுமையானதா என்பதே.

ஆலையின் உற்பத்தி மிகப் பெரிது. ஆனால் அதன் ஆற்றல் அந்த மண்ணில் பிறந்ததன்று. நிலக்கரியாகவும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியாகவும் எரிவது, மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு தாவரங்கள் பிடித்துவைத்த ஒளி. ஸ்ரீபெரும்புதூரின் பெயராலேயே புவியியலாளர் அழைக்கும் பாறைப்படிவுகளில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரெடேசியஸ் காலத்து இலைகள் அச்சாகப் பதிந்துள்ளன. இந்த நிலம் சூரியனை அறுவடை செய்யத் தொடங்கியது நேற்றன்று.

யாசீன் அத்தியாயத்தில், பச்சை மரத்திலிருந்து தீ உண்டாக்கப்பட்டது ஓர் அத்தாட்சியாகக் கூறப்படுகிறது. முந்திய முஃபஸ்ஸிர்கள் இதற்கு, அரபு நாட்டில் ஒன்றோடொன்று உரசித் தீ எழுப்பப்படும் மர்க், அஃபார் என்னும் மரங்களை உதாரணம் காட்டினர். தற்காலத்தார் சிலர் நிலக்கரியையும் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்கின்றனர். வசனத்தை விஞ்ஞான நூலாக்காமல், சிந்தனைக்குரிய விரிவாக அதனைக் கொள்வதில் தடையில்லை. எவ்வாறாயினும், எரியும் தீ யாவும் ஒரு பச்சையத்திடம் பட்ட கடன் என்பது உண்மை.

கூரை போட்ட நிலத்தில் சூரியன் முன்போலவே விழுகிறது. அக்கூரைமேல் சூரியத்தகடு பதித்தால் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகும். பயிரோ நூற்றில் ஒன்றைப் பிடிப்பதே அரிது. இவ்வளவில் தகடே வென்றது எனலாம். ஆனால் மின்சாரத்தை மேயும் மாடு இல்லை; தகட்டின் கீழ் வண்டல் சேர்வதில்லை; மழைநீர் இறங்குவதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கமும் அடையாறும் பெருகிச் சென்னையை மூழ்கடித்தபோது, நீர் இறங்க இடமில்லாத நிலத்தின் கணக்கும் அதில் சேர்ந்திருந்தது.

2007இல் ஹெல்முட் ஹாபர்ல் என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். உலக நிலப்பரப்பில் தாவரங்கள் ஆக்கும் நிகர உற்பத்தியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டை மனித இனம் ஒன்றே தனதாக்கிக்கொள்கிறது என்பது அதன் முடிவு. அறுத்தெடுத்தது மட்டும் அக்கணக்கில் இல்லை. நிலத்தை மாற்றியமைத்ததால் முளைக்காமலே போனதும் சேர்க்கப்பட்டுள்ளது. கூரையின் கீழ்ப்பட்ட புல்லும் ஒரு பற்றுதான் என்று அந்தக் கணக்கு எழுதுகிறது.

நம் கடமை

இவற்றிலிருந்து சில முடிவுகள் எழுகின்றன. முதலாவது, ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுமுன், அதிலிருந்து யார் யார் உண்கின்றனர் என்று கேட்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஓலைக் கணக்கர் வண்ணாரையும் பக்கீரையும் எழுதினார். நம் காலத்துச் சுற்றுச்சூழல் அறிக்கை ஆட்டுக்காரரையும் கொக்கையும் மண்புழுவையும் எழுதுவது இயலாத காரியமன்று. இரண்டாவது, ஏரியை மட்டும் காத்து அதன் மேல்நிலத்தைக் கைவிடுவது, கிணற்றை வைத்துக்கொண்டு ஹரீமை விற்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது, நம் பொறுப்பிலேயே உள்ள வக்ஃபு நிலங்களும் கபரஸ்தான்களும் இருக்கின்றன. அவற்றின் பயனை வாடகையால் மட்டும் அளக்கும் பழக்கத்தை நாமே மாற்றிக்கொள்ளாமல் பிறருக்குச் சொல்ல முடியாது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. அதன்படி, காக்கை தின்ற பழமும் வரவுப் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது.

நான்காவது, நம் மதரஸாக்களைச் சார்ந்தது. ஏற்றத்தையும் கவலையையும் கண்டிராத மாணவர்களுக்குப் பத்தில் ஒன்றும் இருபதில் ஒன்றும் வெறும் மனப்பாடமாகிவிட்டன. இஹ்யாவுல் மவாத் பாடமோ வாழ்வோடு தொடர்பற்றது என்று பல இடங்களில் விரைந்து கடக்கப்படுகிறது. ஒரு மாவட்டத்தின் மேய்ச்சல் நிலங்கள் அனைத்தும் இறந்தவையா உயிருள்ளவையா என்று வாதிடப்படும் காலத்தில், இதைவிட வாழ்வோடு நெருங்கிய பாடம் வேறென்ன இருக்க முடியும்?

மகசூல் என்ற சொல்லை நம் முன்னோர் தமிழுக்குத் தந்தனர். தமிழும் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டது. அதனோடு வந்த கிஸ்த் என்ற சொல், வழியில் தன் பொருளில் பாதியை இழந்து வரித்தவணையாய்க் குறுகிற்று. இழந்த அந்தப் பாதியை மீட்டுக்கொடுப்பது அரபி பயின்றோரின் கடன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.